பாசி பிடித்த செடித்தொட்டியைத் திரும்பத் தொடங்க...

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் பாசி ஏறிவிட்டால், எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதிதாக ஆரம்பித்துவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, பாசிக்குக் காரணமான விளக்கை மட்டும் பழையபடி பத்து மணி நேரம் எரியவிட்டால், இரண்டாம் மாதமே தொட்டி பழைய நிலைக்கு வந்துவிடும். செடிகளின் பலத்துக்கு மீறிய வெளிச்சமும், தேங்கிய கழிவும்தான் பாசியின் உணவு. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எத்தனை முறை தொட்டியைக் கழுவினாலும் பலன் இல்லை. வீடுகளில் அதிகம் இருக்கும் இரண்டடித் தொட்டியை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல், மண், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

1. தண்ணீரை இறைப்பதற்கு முன், வந்திருப்பது எந்தப் பாசி என்று பாருங்கள். பாசியின் வகை தெரிந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். விரலால் தேய்த்தாலே போய்விடும் பழுப்புத் தூள், டயட்டம் எனும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் வந்து தானே போய்விடும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளிகள், வெளிச்சம் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் இருக்கும் தொட்டியில் வரும். பச்சை நூல் நூலாகச் செடிகளைச் சுற்றிக்கொள்வது நூல்பாசி. அதிக வெளிச்சமும் அம்மோனியாவும் சேரும் இடத்தில் அது செழிக்கும். இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் கரும் மயிர்க்கற்றையாக நிற்பதைக் கடைக்காரர்கள் 'பிளாக் பியர்ட்' என்பார்கள். பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் அது சிவப்புப் பாசி இனம். ஒரு துணுக்கை ஸ்பிரிட்டில் போட்டால் சிவந்துவிடும். கார்பன்-டை-ஆக்சைடு ஒருநாள் கூடி ஒருநாள் குறையும் தொட்டிகளிலும், கழிவு தேங்கிய தொட்டிகளிலும் இது பிடிக்கும். மண்மேல் வழுவழுப்பான நீலப்பச்சைப் படலமாகப் படர்ந்து, உரித்தால் தாள் போல வந்து, நாற்றமும் அடித்தால் அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா எனும் பாக்டீரியா.

2. எல்லாப் பாசிக்கும் தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. டயட்டம், பச்சைப் புள்ளி, கொஞ்சம் நூல்பாசி ஆகியவற்றுக்குக் கைவேலையும் விளக்கு நேரக் குறைப்பும் போதும். இலைகளில் பாதிக்கு மேல் கரும்பாசி ஏறியிருந்தாலோ, மண்ணைக் கிளறினால் கரிய சேறும் அழுகிய முட்டை நாற்றமும் எழுந்தாலோ மட்டும் கலைத்துத் தொடங்குங்கள்.

3. தண்ணீரே பச்சையாகிவிட்டதா? பாதித் தண்ணீரை மாற்றி மாற்றி அலுத்துப்போகாதீர்கள். மிஞ்சியிருக்கும் நுண்பாசி சில நாட்களில் மறுபடி பெருகிவிடும். விளக்கை அணைத்து, தொட்டியைக் கம்பளியாலோ கறுப்புத் துணியாலோ வெளிச்சம் புகாமல் மூன்று நான்கு நாள் மூடிவையுங்கள். கார்பன்-டை-ஆக்சைடு விடுவதை நிறுத்தி, ஏர் பம்ப்பை இரவு பகல் ஓடவிடுங்கள். மீனுக்கு அந்த நாட்களில் தீனி வேண்டாம். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செத்த பாசி தண்ணீரிலேயே அழுகினால் அம்மோனியா ஏறும். நீலப்பச்சைப் படலத்துக்கும் இதே முறைதான். மூடுவதற்கு முன் படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பலன் இரட்டிப்பு.

4. கலைப்பதென்று முடிவானால் முதல் வேலை மீன்களுக்கு இடம் பார்ப்பது. பெரிய பிளாஸ்டிக் வாளியோ டப்போ போதும். சோப்பு பட்ட வாளி கூடாது. தொட்டியில் மேலாகத் தெளிந்து நிற்கும் பழைய தண்ணீரையே அதில் நிரப்புங்கள். மீன் துள்ளி விழாமல் மேலே வலை போடுங்கள். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொட்டிக்குள் கைவிடுங்கள்.

5. இந்தக் குறிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் புதிதாக உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது குடியிருப்பது தண்ணீரில் அல்ல. ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அத்தனையும் சாகும். ஆகவே தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து சேற்றைப் போக்கிவிட்டு, மீன்கள் இருக்கும் வாளியிலேயே ஃபில்டரை மாட்டி உடனே ஓடவிடுங்கள். ஸ்பாஞ்ச் காயவும் கூடாது, மூடிய டப்பாவில் தேங்கிக் கிடக்கவும் கூடாது. மற்ற எதைக் கழுவினாலும் கொட்டினாலும், இதைக் காப்பாற்றிவிட்டால் புதுத் தொட்டி உண்மையில் புதுத் தொட்டி இல்லை. மீன்கள் திரும்பப் போகும்போது பாதுகாப்பான தண்ணீர் அங்கே காத்திருக்கும்.

6. செடிகளைத் தரம் பிரியுங்கள். பாசி மூடிய பழைய இலை மறுபடி தெளியாது, கத்தரித்து எறியுங்கள். ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச்செடிகளில் நுனி மட்டும் சுத்தமாக இருக்கும். நான்கைந்து அங்குல நுனியை வெட்டி வைத்துக்கொண்டு அடித்தண்டைக் கழித்துவிடலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் இலைகளை முழுக்க வெட்டினாலும் கிழங்குத்தண்டு உறுதியாக இருந்தால் துளிர்க்கும். நூல்பாசி சிக்கிய ஜாவா மாஸ் எனும் பாசிக்கற்றைச் செடியை மட்டும் தயவு பார்க்காமல் தூக்கி எறியுங்கள். அதிலிருந்து நூலைப் பிரித்தெடுக்கவே முடியாது. ஒரு துணுக்கு தங்கினாலும் புதுத் தொட்டிக்கு அதுவே விதை.

7. வைத்துக்கொள்ள வேண்டிய செடியில் கரும்பாசி இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கைகொடுக்கும். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். செடிக்கு வேண்டியது 3 சதவீதம். லேபிளைப் படித்துப் பார்த்து, 6 சதவீதமாக இருந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, பாசி உள்ள இடத்தில் மட்டும் சின்ன பிரஷால் தடவி, மூன்று நான்கு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஓரிரு நாளில் கரும்பாசி சிவந்து, பிறகு வெளுத்து உதிரும். வாலிஸ்நேரியாவுக்கும் பாசிக்கற்றை வகைகளுக்கும் இது ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். இலை எரியாமல் அதைக் கையாளப் பழக்கம் வேண்டும். பெராக்சைடே போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள். பிளீச்சோடு வினிகரும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

8. மரக்கட்டையை வெந்நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். கல்லை மட்டும் கொதிக்கவைக்காதீர்கள். உள்ளே ஈரம் பிடித்திருக்கும் கல் சூட்டில் வெடிக்கக்கூடும். தேய்த்துக் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போட்டாலே பாசி உதிர்ந்துவிடும். காய்ந்த கல்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். ஏற்கெனவே உப்பான போர்வெல் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். தொட்டிக்கு வெளியே வையுங்கள்.

9. கண்ணாடியில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணி. பச்சைப் புள்ளிக்குப் பழைய ஏடிஎம் அட்டையின் ஓரமோ பிளேடோ. மூலைகளில் உள்ள சிலிக்கான் பசையில் பிளேடு படக் கூடாது. சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். தண்ணீரோடு தொட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள்.

10. பழைய கிராவலைத் திரும்பப் பயன்படுத்தலாம். வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை அரிசி களைவதுபோல் களைந்து எடுத்தால் போதும். சத்துமண் என்று விற்கப்படும் அக்வாசாயில் உருண்டைகள் நசுங்கிச் சேறாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். புது அக்வாசாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். செலவைக் குறைக்க எண்ணுபவர்களுக்கு அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட புத்தகத்தால் புகழ்பெற்ற மண் முறை இருக்கிறது. உரம் கலக்காத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் ஓரங்குலம் சிறு கிராவல் போட்டு மூடுவது. யூரியாவோ பச்சைச் சாணமோ கலந்த மண்ணை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

11. தண்ணீரை நிரப்பும்போது மண்மேல் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் தாளையோ வைத்து அதன்மேல் மெல்ல ஊற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஒருநாள் ஏர் பம்ப் ஓட்டி வைத்துக் குளோரினைப் போக்குங்கள். அவசரத்துக்கு மீன் கடைகளில் ஆன்டி-குளோரின் கிடைக்கும். போர்வெல் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால், வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். தனி ஆர்ஓ தண்ணீர் மட்டும் வேண்டாம். கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் செடி வாடும்.

12. முதல் நாளே நிறையச் செடி வையுங்கள். மண்பரப்பில் முக்கால் பங்கு மறைய வேண்டும். ஐந்தாறு செடியோடு ஆரம்பித்துப் பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியில் பாசி முந்திக்கொள்ளும். விலை கூடிய செடிகள் தேவையில்லை. வேகமாக வளர்பவைதான் தேவை. நம் குளங்களில் கிடக்கும் ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட், வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா எல்லாமே தண்ணீரிலிருந்து அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சுபவை. வாய்க்கால் ஓரத்து நீர்ப்பிரம்மியும் தண்ணீருக்கடியில் நன்றாக நிமிர்ந்து வளரும். மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் முதல் மாதத்தில் வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும். குளத்துச் செடியை அப்படியே போட்டுவிடாமல், ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தை முட்டையும் தும்பிப் புழுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தும்பிப் புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும்.

13. இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகரைன் வெண்ட்டி, இடம் மாற்றி நட்டால் இலைகளைக் கூழாக உதிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவைத்தால் சில வாரங்களில் புது இலை வரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கிழங்குத்தண்டுகளை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

14. தரையெல்லாம் பச்சைக் கம்பளமாகச் சிறுசெடி வேண்டும் என்பவர்களுக்குத் தண்ணீரில்லாமல் தொடங்கும் முறை நல்லது. மண்ணை ஈரமாக மட்டும் வைத்துச் சிறு துணுக்குகளாக நட்டு, தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் தண்ணீர் தெளித்து, ஆறு முதல் எட்டு வாரம் வளரவிடுவது. காற்றிலிருந்தே கார்பன்-டை-ஆக்சைடு கிடைப்பதால் செடி வேகமாக வேர்பிடிக்கும். தண்ணீரே நிற்காததால் தொட்டிப் பாசிகளுக்கு அங்கே வழியில்லை. வயல் வரப்பில் கிடைக்கும் ஆரைக்கீரையை இப்படிப் பரப்பிப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தினமும் சில நிமிடம் தாளைத் திறந்து காற்று காட்டுங்கள். இந்த முறைக்கு, மீன்களும் ஃபில்டரும் அத்தனை வாரமும் இன்னொரு தொட்டியில் இருந்தாக வேண்டும்.

15. விளக்குக்கு டைமர் வாங்குங்கள். மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் சாதாரண டைமர் போதும். முதல் மூன்று வாரம் தினமும் ஆறு மணி நேரம், ஒரு நிமிடமும் கூடாது. பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டி எட்டோடு நிறுத்திவிடுங்கள். மீன் பார்ப்பது மாலையில்தான் என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு எரியத் தொடங்கட்டும். எல்இடி ரொம்பப் பிரகாசமாக இருந்தால் அரையடி உயர்த்திக் கட்டுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்த வேண்டுமானால், தொட்டி காலியாக இருக்கும் இப்போதே நகர்த்திவிடுங்கள். பாசிப் பிரச்சினைக்குக் கேட்கப்படும் மருந்துகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு டைமர் அதிகம் செய்யும்.

16. கார்பன்-டை-ஆக்சைடு விடுவதாக இருந்தால், தினமும் ஒரே அளவில் விட முடியுமா என்று யோசித்து இறங்குங்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் முதல் வாரம் பொங்கி மூன்றாம் வாரம் ஓய்ந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கரும்பாசி நுழைகிறது. சிலிண்டரும் வால்வும் இருந்தால் விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே திறந்து, விளக்கு அணையும் நேரத்தில் மூடுங்கள். கார்பன்-டை-ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்ட, தொட்டியில் ஒட்டும் டிராப் செக்கர் இளம்பச்சையாக இருந்தால் சரி. நீலம் குறைவு, மஞ்சள் ஆபத்து. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே நிறுத்தி ஏர் பம்ப்பைப் போடுங்கள். சிலிண்டர் இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை. விளக்கைக் குறைத்து, மேலே சொன்ன எளிய செடிகளை வைத்தால் தொட்டி அழகாகவே நிற்கும்.

17. உரத்தை அடியோடு நிறுத்தினால் பாசி பட்டினி கிடந்து சாகும் என்று நினைப்பது தவறு. பாசிக்கு மிகச் சொற்பமே போதும். பட்டினியில் முதலில் மெலிவது செடிதான். பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு, புதுத் துளிர் வெளுத்தால் இரும்புக் குறைவு. செடி வேர்பிடித்த இரண்டாம் வாரத்திலிருந்து, பாட்டிலில் சொன்ன அளவில் பாதியைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

18. முதல் மாதத் தண்ணீர் மாற்றம்: முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை. இந்த நாட்களில் கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்தால் பயப்பட வேண்டாம், மருந்தும் வேண்டாம். துடைத்துவிட்டு விளக்கு நேரத்தைக் கூட்டாமல் இருந்தாலே போய்விடும். நூல்பாசி எட்டிப் பார்த்தால் அன்றே பழைய டூத் பிரஷில் சுற்றி இழுத்தெடுங்கள்.

19. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை விடுங்கள். பழைய ஃபில்டரைக் காப்பாற்றியிருந்தால் இதற்குச் சில நாளே ஆகும். அதுவரை வாளித் தண்ணீரிலும் தினமும் கால்பங்கை மாற்றுங்கள். எல்லா மீனையும் ஒரே நாளில் விடாமல், வாரத்துக்குச் சிலவாக விடுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒருநாள் தீனியே வேண்டாம்.

20. பாசி தின்னும் உயிர்கள் உதவிக்கு உண்டு. தொட்டி நிலைபெற்ற பிறகு விடுங்கள். நெரைட் நத்தை கண்ணாடிப் புள்ளிகளைச் சுரண்டும். நல்ல தண்ணீரில் அதன் முட்டை பொரிக்காது என்பதால் பெருகித் தொல்லை தராது. நூல்பாசிக்கு அமானோ இறால். நீருக்கடியில் தோட்டம் போடும் கலையை உலகமெங்கும் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோ தன் தொட்டிகளில் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. செம்பு கலந்த மீன்மருந்து ஊற்றினால் இறாலும் நத்தையும் இரண்டுமே சாகும். 'டேங்க் கிளீனர்' என்று கடையில் நீட்டும் சக்கர் மீனை வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும், செடிகளைப் பிடுங்கிப்போடும், கழிவும் அதிகம்.

21. சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும் வீடுகள் உண்டு. சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், செடி சோரும், பாசிக்குக் கொண்டாட்டம். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடுகட்டுங்கள். கரன்ட் பல மணி நேரம் போயிருந்தால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்து, தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசிய பிறகே ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாய்ந்தால் மீன்களுக்குக் கேடு.

22. தொட்டி நிலைபெற்றதும் வாராவாரம் செடி வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய செடி, கழித்த பாசி, பழைய தொட்டித் தண்ணீர் எல்லாம் மாடித் தோட்டத்துக்கு நல்ல உரம். கிணற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். வேண்டாத மீன்களையும் அங்கே விடாதீர்கள். வீட்டுத் தொட்டிகளிலிருந்து போன சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.